செல்லத்துரை ஐயாவின் கோணல் கால்

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

டாக்டர் தியோ. எலும்பு டாக்டர். கத்தி அவர் கையில்.

சிஸ்டர் ஆக்னஸ். டாக்டருக்கு எதிரே நின்று சாமான் எடுத்துக் கொடுப்பவர்.

டாக்டர் கௌர். மயக்க டாக்டர், பஞ்சாபி அம்மா. நோயாளியின் தலைமாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மிஸ்ஸி ரொக்கையா. மலாய்க்கார நர்ஸ். சுற்றி நடந்து, கேட்டதைக் கொண்டுவருபவர்.

ஜேசன். கோலாலம்பூரிலிருந்து கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர். தியேட்டர் உடுப்புக்கு உள்ளேயும் டை கட்டியிருந்தார்.

செல்லத்துரை ஐயா. துறைமுக ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மேசைமேல் படுத்திருந்தார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. மேலே முழு விழிப்பு. வாய் இடுப்புக்கு மேலேதான் இருக்கிறது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நான். அட்டெண்டன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அதே ஆஸ்பத்திரிக்கு இப்போது முட்டி மாற்றுகிற ரோபோ வந்திருக்கிறதாம். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். “அண்ணே, உங்க காலத்துலயே கம்ப்யூட்டர் வச்சு ஒரு முட்டி செஞ்சாங்களாமே, சொல்லுங்கண்ணே” என்றார்கள். “செஞ்சாங்க” என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒரு பிள்ளை சொன்னது: “பேசத்தான் மாட்டேங்கறீங்க, எழுதியாவது குடுங்கண்ணே.”

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். ஜார்ஜ் டவுனில் தனியார் ஆஸ்பத்திரி, அவ்வளவு போதும்.

நான் வேலை கற்றது வேறோர் ஆஸ்பத்திரியில். முதலில் தள்ளுவண்டி தள்ளினேன். பிறகு எலும்பு வார்டு. பிறகு மாவுக்கட்டு அறை. பிறகு தியேட்டர். என் படிப்பு இவ்வளவுதான்.

எலும்பு வார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செல்லத்துரை ஐயாவை நான் முதலில் பார்த்தது அங்கேதான். எழுபதுகளின் நடுவில். ஆயர் ஈத்தாம் ரோட்டில் வெஸ்பா ஓட்டிப் போனவரை முள் முள்ளான டுரியான் பழம் ஏற்றிய லோரி ஒன்று தட்டிவிட்டது. வலது தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. “டுரியான் எனக்கு மேல விழேல்ல, அது கடவுள் செயல்” என்று வார்டில் எல்லாரிடமும் சொல்வார்.

அந்த நாளில் தொடை எலும்பு உடைந்தால் அநேகமாகத் திறக்க மாட்டார்கள். இழுத்துத்தான் வைப்பார்கள். முட்டிக்குக் கீழே எலும்பில் குறுக்காக ஒரு கம்பி. கம்பியில் கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருக்கிற கப்பிமேல் ஏறி இறங்கும். கயிற்றின் முனையில் இரும்பு எடை தொங்கும். எடை காலை இழுத்துக்கொண்டே இருந்தால் எலும்பு நேராக நின்று ஒட்டும். மாதக்கணக்கில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்று. எடை தொங்க வேண்டும். தரையைத் தொடக்கூடாது, எதன்மேலும் உட்காரக்கூடாது.

எடை தொங்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. போகும்போது வரும்போது பார்ப்பேன். தொங்கும்.

ஒருநாள் சாயங்காலம் சொந்தக்காரர்கள் பார்க்க வருகிற நேரத்தில் உள்ளே போனேன். செல்லத்துரை ஐயாவின் எடை ஒரு ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவர் சம்சாரம் அன்னலட்சுமி டீச்சர் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணக்கு டீச்சர்.

“என்னம்மா இது?” என்றேன்.

“பாரம் தம்பி. இப்பிடி இரும்பைக் கட்டித் தொங்கவிட்டா மனிசனுக்கு நோகாதே? நான் வந்து நிக்கிற நேரமாவது கால் இளைப்பாறட்டும்.”

“இழுக்கணும்மா. இழுத்தாத்தான் நேரா ஒட்டும்.”

“இழுங்கோவன். நான் வேண்டாம் எண்டனானே? இராவெல்லாம் நீங்கள்தானே இழுக்கிறியள்.”

ஸ்டூலை எடுத்துவிட்டேன். எடை தொங்கியது. ஐயா “ஆ” என்றார். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு முன்பே ஸ்டூலை ஸ்டோரில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கு எடை மூன்றடுக்கு டிபன் கேரியர்மேல் உட்கார்ந்திருந்தது. சோறு சாப்பிட்டாயிற்றாம், கேரியர் சும்மாதானே இருக்கிறது என்றார் டீச்சர். வார்டைக் கவனிக்கிற டிரெஸ்ஸரிடம் சொன்னேன். டிரெஸ்ஸர் வந்து சத்தம் போட்டார். அன்றோடு நின்றது என்றுதான் நினைத்தோம். டீச்சர் பெரிய கைப்பை கொண்டுவர ஆரம்பித்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எலும்பு ஒட்டியது. கோணலாக ஒட்டியது. படம் எடுத்துப் பார்த்தால் தொடை எலும்பு நடுவில் வில் மாதிரி வெளியே வளைந்திருந்தது. ஐயா நடந்தார். கொஞ்சம் சாய்ந்து நடந்தார். பென்ஷன் வாங்குகிறவரை அப்படியே ஓடியது.

பிறகு நான் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டேன். டாக்டர் தியோவின் தியேட்டரில் போட்டார்கள்.

டாக்டர் தியோ கத்த மாட்டார். இருபது வருஷத்தில் ஒருதடவைகூட அவர் கத்தி நான் கேட்டதில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். அதுதான் அவர் பழக்கம். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது “சிஸ்டர், மத்தியானம் குவே தியாவ் சாப்பிடலாமா?” என்று வறுத்த அரிசி நூடுல்ஸைக் கேட்டால் எல்லாம் நன்றாக நடக்கிறது. லக்சா என்கிற புளிப்பு மீன் நூடுல்ஸ் என்றால் கொஞ்சம் ரத்தம் கூடுதல். கஞ்சி என்றால் ஏதோ சரியில்லை. கஞ்சி என்று கேட்டதும் சிஸ்டர் ஆக்னஸ் பதில் சொல்லாமல் இன்னொரு சாமான் பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டுவார். புதிதாக வந்த மிஸ்ஸி ஒருத்தி, பாவம், கஞ்சி என்றதும் “எனக்கு மீன் கஞ்சி பிடிக்கும் டாக்டர்” என்று சொல்லி சிஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் செல்லத்துரை ஐயா அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். கைத்தடி ஊன்றி, டீச்சர் பின்னாலேயே வர. என்னை அடையாளம் தெரிந்துகொண்டது டீச்சர்தான். “ஸ்டூல் தம்பி” என்றார்.

சாய்ந்து சாய்ந்து நடந்ததில் வலது முட்டி தேய்ந்து முடிந்திருந்தது. எலும்போடு எலும்பு உரசியது. முட்டியை மாற்ற வேண்டும். ஆனால் டாக்டர் தியோ முதல் தடவை பார்த்தபோதே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். “கெனாட் லா, அங்கிள்.”

காரணம் இதுதான். முட்டி மாற்றும்போது எலும்பின் நுனியைச் சரியான சாய்வில் வெட்ட வேண்டும். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே கோட்டில் பாரம் இறங்க வேண்டும். அதற்கு முட்டிப் பக்கமிருந்து தொடை எலும்பின் குழிக்குள் நீளமாக ஒரு கம்பி விடுவார்கள். கம்பியை வைத்துத்தான் வெட்டு. எலும்பு நேராக இருந்தால் கம்பி வழி காட்டும். ஐயாவின் எலும்போ வில். கம்பி பாதியில் முட்டி நிற்கும். கண்ணால் பார்த்து வெட்டினால் கோணல் இன்னும் கோணலாகலாம். அப்புறம் கைத்தடியும் உதவாது, சக்கர நாற்காலிதான். இருப்பதையும் கெடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் இந்தக் கம்ப்யூட்டர் வந்தது. ஆஸ்பத்திரி வாங்கவில்லை. கம்பெனி ஒரே ஒருநாள் காட்டுவதற்குக் கொடுத்தது. அதற்கு எலும்புக்குள் கம்பி தேவையில்லையாம். வெளியிலிருந்தே கோட்டைக் கண்டுபிடித்துவிடுமாம். டாக்டர் தியோ யோசித்துவிட்டு, வளைந்த எலும்புக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கூப்பிடுங்கள் என்றார். ஒரு மிஷின், ஒரு நாள், ஒரு கால்.

முதல்நாள் சாயங்காலம் காலைச் சவரம் செய்யப் போனேன். அப்போது கேட்டேன்.

“பயமா இருக்கா ஐயா?”

“பயம்தான். வேற வழி? மூண்டு வருசமா மாடிப்படி ஏறேல்ல. நான் கீழ ஹோல்ல படுக்கிறன், அவ மேல அறையில. அவவின்ர குரலோடதான் குடும்பம் நடத்துறன் தம்பி.”

“டீச்சரைக் கீழ வந்து படுக்கச் சொல்லலாமே.”

“கேட்டனான். கீழ கரப்பான் வருமாம்.”

“அடிச்சிடலாமே.”

“அடிச்சுக் கொண்டுபோய்க் காட்டினன். இது வேற கரப்பான் எண்டுட்டா.”

சவரக்கத்தியை நிறுத்தினேன். சிரித்தால் கை ஆடும்.

அவர் சிரிக்கவில்லை. “இரவில அவ இருமுவா. கீழ கேக்கும். எழும்பிப் போய் ஒரு வாய் சுடுதண்ணி குடுக்கேலாது. கீழ கிடந்து கத்தித்தான் கேக்கிறன், தண்ணி குடிச்சியோ எண்டு. பக்கத்து வீட்டுச் சீனன் பதில் சொல்லுறான்.”

காலை மழமழவென்று சிரைத்து முடித்தேன்.

மறுநாள் காலை மிஷின் வந்தது. டிவி ஒன்று. கீழே பெட்டி. தனியாக ஒரு கம்பம், அதன் தலையில் இரண்டு கண் வைத்த கேமரா. வெள்ளைக் கோலி மாதிரி உருண்டைகள் மாட்டிய கவைகள் இரண்டு. ஒரு கவையைத் தொடை எலும்பில் ஊசியால் பொருத்துவார்கள், இன்னொன்றைக் கீழ்க்காலில். கால் அசைய உருண்டை அசையும். கேமரா அதைப் பார்க்கும். டிவியில் எலும்புக்குக் கோடு வரும். கேமராவுக்கும் உருண்டைக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. நின்றால் மிஷினுக்குக் கண் தெரியாது. ஜேசன் இதை இங்கிலீஷில் மூன்று தடவை சொன்னார். எனக்கு முதல் தடவையே விளங்கிவிட்டது, கோயில் கூட்டத்தில் சாமியை மறைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்கிற மாதிரிதான்.

பிறகு ஜேசன் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்.

வெளிநாட்டுப் பிளக். உருண்டையான இரண்டு முனை. நம் சுவரில் மூன்று ஓட்டை. நடுவில் மாற்றுகிற சாமான் ஒன்று வேண்டும். அது கோலாலம்பூரில் அவர் மேசைமேல் இருந்தது.

இதற்கு என்ன செய்வது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தினால் கீழே இரண்டு ஓட்டையும் திறக்கும். இரண்டு முனையை அமுக்கிவிடலாம். வீட்டு ரேடியோவுக்கு எல்லாரும் செய்வதுதான். மிஸ்ஸி ரொக்கையா பேனா கொடுத்தார். ஜேசன் குத்தினார். டிவி எரிந்தது. “போலே லா” என்றார் ரொக்கையா. ஆகும் என்று அர்த்தம்.

ஐயாவின் முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் பச்சைத் துணி கட்டினோம். அவர் பார்க்க மாட்டார். கேட்பார். தொடையில் காற்றுப் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்தினார்கள். இதற்கு நேரக் கணக்கு உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துப் பட்டையைத் தளர்த்தியாக வேண்டும்.

டாக்டர் முட்டியைத் திறந்தார். ஊசி பொருத்தினார். கவை மாட்டினார். உருண்டைகள் நின்றன. பிறகு இடுப்பு மூட்டின் நடுவை மிஷினுக்குக் காட்ட வேண்டும். அதற்குக் காலைத் தூக்கி வட்டமாகச் சுற்ற வேண்டும். டாக்டர் காலைப் பிடித்து ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி சுற்றினார். இடுப்பு அசையாமல் இருக்க, மேல்பக்கமிருந்து துணிக்கு அடியில் கைவிட்டு இடுப்பெலும்பை அமுக்கிப் பிடித்தது நான். டிவியில் புள்ளி வந்தது. கணுக்காலைத் தொட்டார்கள். இன்னொரு புள்ளி. முட்டியில் பல புள்ளி. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை கோடு ஒன்று எழுந்தது. எலும்பு வளைந்திருந்தது, கோடு நேராக இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

“சிஸ்டர், குவே தியாவ்” என்றார் டாக்டர்.

வெட்டுகிற ரம்பத்தைக் கையில் எடுத்தார். “எல்லாரும் கேமராவை விட்டுத் தள்ளி நில்லுங்க” என்றார். ரொக்கையா நல்ல பிள்ளையாக இரண்டடி பின்னால் போனார். குதிகால் ஒயரில் பட்டது. பிளக் கழன்று, பேனா தரையில் உருண்டது.

டிவி கறுத்தது.

ரொக்கையா அலறினார். “அலாமா! மாத்தி! டாக்டர், சுடா மாத்தி!”

வேறு ஊர்க்காரர்கள் படித்தால் விளங்காது, அதனால் சொல்கிறேன். மலாயில் மாத்தி என்றால் செத்துப்போச்சு. மனுஷன் செத்தாலும் மாத்தி, விளக்கு அணைந்தாலும் மாத்தி, கார் நடுரோட்டில் நின்றாலும் மாத்தி. சுடா என்றால் ஆயிற்று. ரொக்கையா சொன்னது கம்ப்யூட்டரை.

செல்லத்துரை ஐயாவுக்கு மலாய் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் மல்லாந்து படுத்து, காலைத் திறந்து வைத்திருக்கிற நேரத்தில் காது தாய்மொழிக்குப் போய்விடுகிறது. துணிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“மாத்தியோ? என்னத்தை மாத்தினியள்? ஐயோ, காலை மாத்திப் போட்டியளோ! நல்ல காலை வெட்டிப்போட்டாங்களே! முருகா!”

டாக்டர் கௌர் எழுந்து அவர் தோளைப் பிடித்தார். டாக்டர் தியோ என்னைப் பார்த்தார். உள்ளே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

“என்ன சொல்கிறார்?”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “ஹி சே, ரோங் லெக்.”

தியேட்டர் அப்படியே நின்றது.

இதை நான் பலதடவை யோசித்திருக்கிறேன். ஒருவர் படுத்துக்கொண்டு கத்துகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது, துணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இருந்தாலும் எல்லார் கண்ணும் காலுக்குப் போயிற்று. டாக்டர் பார்த்தார். சிஸ்டர் பார்த்தார். நான் பார்த்தேன். சிரைத்தது நான்தான், வலது கால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எனக்கே என் வலது கை எது என்று ஒருகணம் சந்தேகம் வந்துவிட்டது. பச்சைத் துணிகளுக்கு நடுவில் முட்டி மட்டும் தெரிந்தால் எந்தக் காலும் ஒரே மாதிரிதான்.

சிஸ்டர் ஆக்னஸ் திரும்பிச் சுவரில் தொங்கிய எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது. படத்தின்படி வளைந்த எலும்பு இடது காலில் இருந்தது.

“டாக்டர்” என்றார், மெதுவாக.

டாக்டர் தியோ படத்தைப் பார்த்தார். “இந்தப் பக்கத்தில் நல்ல கஞ்சிக் கடை எங்கே இருக்கிறது?” என்றார்.

ஜேசன் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. “சாரி டாக்டர். கம்பெனிக்கு போட்டோ எடுக்கப் படத்தை நான்தான் கழற்றினேன். முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டேன் போல.”

டாக்டர் காலுக்குத் திரும்பினார். துணிக்கு மேலேயே தொடையில் கையை வைத்தார். பட்டைக்குக் கீழே அமுக்கினார். மேலிருந்து கீழே தடவினார். திரும்பத் தடவினார்.

“பெங்கோக்” என்றார். கோணல் என்று அர்த்தம். “இதேதான்.”

சிஸ்டர் ஆக்னஸ் மாதா பேரைச் சொன்னார். ரொக்கையா அல்லா பேரைச் சொன்னார். அந்தக் கோணலுக்கு அத்தனை பேர் நன்றி சொன்னது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“அவருக்குச் சொல்” என்றார் டாக்டர் என்னிடம்.

தலைமாட்டுக்குப் போனேன். ஐயா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, உண்மையைச் சொல்லும்.”

“மாத்தல ஐயா. அது தமிழ் இல்ல, மலாய். செத்துப்போச்சுன்னு சொன்னாங்க.”

“என்ர காலோ?”

“இல்ல. கம்ப்யூட்டர்.”

பிறகு ஐயா கேட்டார். “கால் திறந்து கிடக்குதோ?”

“கிடக்கு.”

“கம்ப்யூட்டர் இல்லாமல் வெட்டேலாதோ?”

“வெட்டக்கூடாது.”

“அது எழும்புமோ?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்றேன். டாக்டர் கௌர் என்னை முறைத்தார். தமிழ் தெரியாவிட்டாலும் என் முகம் அவருக்குத் தெரியும்.

எழும்பாவிட்டால் மூடித் தைத்து அனுப்புவதுதான். முட்டியில் புதுக் காயம், உள்ளே பழைய முட்டி, மேலே டீச்சர், கீழே அவர். மிஷின் சாயங்காலம் கோலாலம்பூருக்குத் திரும்பிப் போகிறது.

ஜேசன் பேனாவைத் தேடிப் பிடித்துத் திரும்பக் குத்தினார். டிவி எரிந்தது. எழுத்து ஓடியது. நிறைய எழுத்து. டாக்டர் கௌர் பட்டை நேரத்தைச் சொன்னார். எழுத்து நின்றது. ஒரு பெட்டி வந்தது. ஜேசன் ஒரு பொத்தானை அமுக்கினார். இன்னும் எழுத்து. டாக்டர் தியோ இரண்டு கையையும் நெஞ்சில் கோர்த்துக்கொண்டு நின்றார். “மீன் கஞ்சியா, கோழிக் கஞ்சியா?” என்றார்.

கடைசியில் மிஷின் எழுந்தது. ஆனால் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. இடுப்பு எங்கே, முட்டி எங்கே, ஒன்றும் தெரியாது என்றது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரொக்கையா போய்ப் பிளக்கைக் கையால் அமுக்கிப் பிடித்தார். நான் இடுப்பைப் பிடித்தேன். டாக்டர் மாவு ஆட்டினார். புள்ளி வந்தது. அடுத்துக் கணுக்காலைத் தொட வேண்டும், ரொக்கையா சாமான் எடுக்க வேண்டும். பிளக்குக்கு ஆள் வேண்டும்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் ஆபரேஷனில் நான் என்ன செய்தேன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பிளக்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டாக்டர் கௌர் சொன்னார்: “இவருக்கு இதயம் வேகமாக அடிக்கிறது. தமிழில் பேசிக்கொண்டே இரு. நிறுத்தாதே.”

எனக்கு அதுதான் கஷ்டமான வேலை. சுவரிலிருந்து ஐயாவின் தலை பக்கம்தான். அவரே ஆரம்பித்தார்.

“தம்பி, இருக்கிறீரோ?”

“இருக்கேன்.”

“கதையும்.”

“என்ன பேச?”

“எதையெண்டாலும். நீர் கதைச்சாத்தான் நான் இருக்கிறன் எண்டு எனக்குத் தெரியும்.”

யோசித்தேன். “பிளக்கைப் பிடிச்சிருக்கேன்” என்றேன்.

“ஏன்?”

“விட்டா மறுபடியும் மாத்தி.”

“மலாய் மாத்தியோ, தமிழ் மாத்தியோ?”

“மலாய்.”

“பிடியும் தம்பி. விடாதையும். மூக்குக் கடிச்சாலும் விடாதையும்.”

அவர் அப்படிச் சொன்ன உடனே எனக்கு மூக்கு அரித்தது. பிளக்கையே பிடித்துக்கொண்டேன்.

ரம்பம் ஓட ஆரம்பித்தது.

“இதென்ன சத்தம்?”

“ரம்பம்.”

“என்ன செய்யினம்?”

“வெட்டுறாங்க.”

“ஐயோ. வேற ஏதும் கதையும்.”

வேறென்ன பேசுவது? பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேன். இரண்டு பெண், ஒருத்தி பாயான் லெப்பாஸ் பேக்டரியில் எஞ்சினியர் என்றார். இப்போது சுத்தியல் சத்தம். அது என்ன என்று கேட்டார். சுத்தியல் என்றேன். “நீர் ஒரு பொய்யாவது சொல்லத் தெரியாத மனிசன்” என்றார். சரி என்று, கதவு தட்டுகிறார்கள் என்றேன். “இனிச் சொல்லி என்ன?” என்றார்.

டாக்டர் காலை நேராகப் பிடித்தார். எல்லாரும் டிவியைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன், பிளக்கோடு திரும்ப முடியவில்லை. பிறகு டாக்டரின் குரல்.

“குவே தியாவ். முட்டை போட்டு. கெராங் கூடுதலாக.”

கெராங் என்பது சிப்பி. கூடுதல் சிப்பி அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. பட்டையைத் தளர்த்தினார்கள், நேரம் இன்னும் மீதி இருந்தது. ஒரு டிகிரிகூடக் கோணல் இல்லை என்று ஜேசன் கத்தினார். கையைத் தட்டினார். பிளக்கை விடச் சொன்னார்கள். விரல் மடங்கவில்லை.

தள்ளுவண்டியில் ஐயாவை வெளியே கொண்டுவந்தேன். டீச்சர் கதவருகே நின்றார்.

“நேராக்கியாச்சோ?”

“ஆச்சும்மா. நேர்க்கோடு.”

டீச்சர் போர்வையைத் தூக்கிக் கட்டுப் போட்ட காலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கணக்கு டீச்சர் விடைத்தாள் பார்க்கிற மாதிரி.

“பாத்தியளே” என்றார் புருஷனிடம். “அண்டைக்கு நான் அந்த இரும்பைத் தூக்கி வச்சபடியால்தான் இண்டைக்கு உங்களுக்குக் கம்ப்யூட்டர் கிடைச்சது. நேரா ஒட்டியிருந்தா ஆர் உங்களைக் கூப்பிட்டிருப்பினம்?”

ஐயா என்னைப் பார்த்தார். நான் வண்டியைத் தள்ளினேன்.

மிஷின் அன்று சாயங்காலமே லோரியில் ஏறிப் போய்விட்டது. விலையைக் கேட்டு நிர்வாகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்வி.

ஆனால் கால் நேரானால் மட்டும் போதாது. முட்டி மடங்க வேண்டும். அது கத்தியில் வருவதில்லை, நோயாளி வலியைத் தாங்கித் தானே மடக்கி மடக்கி வாங்க வேண்டும். ஐயா வீட்டில் நன்றாகத்தான் செய்தாராம். டீச்சர் மாடியில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாராம்.

ஆறாவது வாரம் அளந்து பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். நாற்காலியில் வைத்துப் பயிற்சி அறைக்குத் தள்ளிப்போனது நான். டீச்சர் கூடவே வந்தார். அளப்பது நம் தமிழ்ப் பெண், பயிற்சி கொடுக்கிற தேவி. கையில் பெரிய பாகைமானி மாதிரி ஒன்று, இரண்டு நீளக் கை வைத்தது.

“என்ன தாத்தா, மாடி ஏறணுமாமே?”

“ஏறவேணும் பிள்ளை. அதுக்குத்தானே இவ்வளவும்.”

“கேளுங்க. படி ஏறணும்னா முட்டி எண்பத்தஞ்சு டிகிரி மடங்கணும். இறங்கறதுக்கு அது பத்தாது. தொண்ணூறுக்கு மேல வேணும்.”

டீச்சர் உடனே கேட்டார். “ரெண்டுக்கும் நடுவில நிண்டா?”

தேவி சிரித்தது. “மேலயே இருக்க வேண்டியதுதான் பாட்டி.”

“மேலயோ?” என்றார் டீச்சர். “முழுநாளுமோ? இவரோ?”

ஐயா நாற்காலியை விட்டு எழுந்தார். கட்டிலில் ஏறிப் படுத்தார். காற்சட்டையைத் தானே மேலே சுருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு குதிகாலைத் தன் பக்கம் இழுத்தார். நெற்றியில் வியர்த்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அங்கே நிறுத்தினார். அதற்கு மேல் முடியவில்லையா, வேண்டாம் என்று நிறுத்தினாரா, எனக்குத் தெரியாது.

தேவி பாகைமானியை முட்டியில் வைத்துக் குனிந்து பார்த்தது.

எண்பத்தெட்டு.